சுத்தமான வீட்டில் ஒளிந்திருப்பவை

வீடு சுத்தமாக இருந்தால் நோய் வராது என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். காலையில் எழுந்து வாசலைக் கூட்டி, குசினியைத் துடைத்து, குப்பைப் பையை வெளியே வைத்துவிட்டால் அன்றைய கடமை முடிந்தது என்ற திருப்தி எமக்கு. அது நல்ல பழக்கம்தான். குறை சொல்ல வரவில்லை. ஆனால், கண்ணுக்குத் தெரியும் ஊத்தையும் நோயைத் தரும் கிருமியும் பூச்சியும் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பளபளவென்று துடைத்து வைத்த குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தில், மேசைமேல் இருக்கும் அழகான பூச்சாடியில், பாத்திரங்களைச் சுத்தமாக்கும் ஸ்பொஞ்சில் என நாம் சந்தேகப்படாத இடங்களில்தான் சில ஆபத்துகள் குடியிருக்கின்றன. அதேவேளை, கண்டவுடன் நாம் அருவருத்து அலறும் சில பூச்சிகளால் எமக்குப் பெரிய தீங்கு எதுவும் இல்லை.

எதற்குப் பயப்பட வேண்டும், எதைப் பெரிதுபடுத்தாமல் விடலாம்? இது தெரியாததால் நாம் பணத்தையும் நேரத்தையும் வீணாக்குகின்றோம். சில வேளைகளில் பிள்ளைகளின் உயிரோடும் விளையாடுகின்றோம். ஒரு குடும்பப் பெண்ணாக நான் வாசித்தும், கேட்டும், எமது தெஹிவளையில் கண்ணால் கண்டும் அறிந்தவற்றைச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்கின்றேன்.

பிரிட்ஜுக்குப் பின்னால்

2017ஆம் ஆண்டைக் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்தவர்கள் இலகுவில் மறக்கமாட்டார்கள். அந்த ஒரே வருடத்தில் இலங்கை முழுவதும் 186,101 பேர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். சுமார் 440 பேர் உயிரிழந்தார்கள். நோயாளிகளில் நாற்பது வீதத்திற்கும் அதிகமானோர் மேல் மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். வைத்தியசாலைகளில் கட்டில்கள் போதாமல் விறாந்தையிலும் நோயாளிகள் படுத்திருந்த காலம் அது.

அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு தினத்தன்றுதான் மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டார்கள். அதன் பின் கொழும்பில் குப்பை அகற்றும் வேலை குழம்பிப் போய், தெருவோரங்களில் பைகள் குவிந்து கிடந்தன. மே மாதத்தில் பெருமழையும் வெள்ளமும். ஆகவே, 'குப்பையால்தான் டெங்கு' என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். அது பொய்யில்லை. யோகட் கோப்பையிலும், சிரட்டையிலும், வெற்று டின்னிலும் மழைநீர் தேங்கினால் நுளம்பு பெருகத்தான் செய்யும். ஆனால் அது பாதிக் கதை.

எமது தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் அப்போது வசித்த குடும்பத்தின் பதினொரு வயது மகளுக்கு அந்த ஜூன் மாதம் காய்ச்சல் கண்டது. மூன்று நாட்கள் கடுமையாகக் காய்ந்தது. நான்காம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்துவிட்டது. தாய்க்கு நிம்மதி. கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு, 'இனி ஒன்றுமில்லை' என்று எனக்கும் சொன்னார். பின்னேரமாகும் போது பிள்ளை வயிற்று வலி என்று துடித்தது, வாந்தி எடுத்தது, கை கால் சில்லிட்டது. முச்சக்கரவண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். எட்டு நாட்கள் வைத்தியசாலையில் இருந்து பிழைத்து வந்தது அந்தப் பிள்ளை.

பிள்ளை வைத்தியசாலையில் இருக்கும் போதே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டைப் பார்க்க வந்தார். அவருக்குத் தமிழ் குறைவு, அந்த அக்காவுக்குச் சிங்களம் குறைவு. இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன். முற்றம், பூந்தொட்டி, பின்பக்க வடிகான் எல்லாம் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. உண்மையில் அந்தத் தொடர்மாடியிலேயே ஆகச் சுத்தமான வீடு அவருடையதுதான். பின்பு, "பிரிட்ஜைக் கொஞ்சம் முன்னுக்கு இழுக்க ஏலுமா மிஸ்?" என்றார். இழுத்தோம். பெட்டியின் பின்புறம், அடியில், மோட்டருக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் இரண்டு விரல் ஆழத்திற்குத் தெளிந்த நீர். டோர்ச் வெளிச்சத்தைப் பிடித்ததும் அதற்குள் சின்னச் சின்ன நூல் துண்டுகள் போல நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன.

அக்கா வாயடைத்துப் போனார். "ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் கூட்டித் துடைக்கிறன். என்ட வீடா ஊத்தை?" என்று என்னிடம் கேட்டுக் கேட்டு அழுதார். மாமியாரோ, 'வீட்டுக்குள்ள நுளம்பு வளர்த்திருக்கிறா' என்று உறவினர்களுக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லிவிட்டார். பிள்ளை சுகமான பின்னும் அந்தச் சொல் அக்காவின் மனதை விட்டுப் போகவில்லை. அந்தத் தட்டில் வளர்ந்த நுளம்புதான் பிள்ளையைக் கடித்தது என்று எவராலும் சொல்ல முடியாது. பாடசாலையில் கடித்திருக்கலாம், ரியூஷன் வகுப்பில் கடித்திருக்கலாம். ஆனால் பழி மட்டும் வீட்டுப் பெண்ணின் தலையில் இறங்கியது. எமது சமூகத்தில் இது புதிதல்லவே.

அந்த வீடு ஊத்தையில்லை என்பதைத்தான் நான் இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

பழைய நுளம்பும் புதிய நுளம்பும்

'சாக்கடையில்தான் நுளம்பு வளரும்' என்ற எண்ணம் எமது பாட்டிமார் காலத்திலிருந்து வருவது. அதற்குக் காரணம் இருக்கின்றது. கொழும்பு தொடக்கம் தெற்கே நீளும் இந்தக் கரையோரம் ஒரு காலத்தில் யானைக்கால் நோய் பரவியிருந்த பிரதேசம். அதைப் பரப்பிய கியூலெக்ஸ் நுளம்பு அசுத்த நீரை விரும்புவது. கான், மலசலகூடக் குழி, தேங்கிய கால்வாய் ஆகியவற்றில் பெருகி, இரவில் கடிப்பது. யானைக்கால் நோயை ஒழிப்பதற்கென்று 1947இலேயே தனியான இயக்கம் ஆரம்பிக்கப்பட்டது. 2016இல் இலங்கையில் அது இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. தெஹிவளைக் கால்வாயோரம் மாலையில் காதுக்குள் ரீங்காரமிடும் நுளம்புகளில் பெரும்பாலானவை இன்றைக்கும் அந்த வகைதான்.

டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு வேறு குணமுடையது. காலில் வெள்ளை வளையங்கள் இருக்கும். பகலில், விசேடமாகக் காலையிலும் பின்னேரத்திலும் கடிக்கும். அதற்குச் சாக்கடை பிடிக்காது. சிறிதளவு தெளிந்த நீர், ஆடாமல் அசையாமல் ஒரு வாரம் இருந்தால் போதும். மனிதரோடு ஒட்டி வாழ்வது அதன் வழக்கம். கட்டிலுக்குக் கீழ், அலுமாரி மூலை, தொங்கும் உடுப்புகளின் மடிப்பு என்று வீட்டுக்குள்ளேயே இளைப்பாறும். பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் சில நூறு மீற்றருக்கு மேல் போவதில்லை. ஆகவே உங்கள் பிள்ளையைக் கடிக்கும் ஈடிஸ் நுளம்பு அநேகமாக உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததுதான்.

குளிர்சாதனப் பெட்டியில் இந்த நீர் எப்படி வருகின்றது? உள்ளே படியும் பனி அவ்வப்போது உருகி, ஒரு சிறு குழாய் வழியாகப் பின்பக்கத் தட்டில் விழும். மோட்டரின் சூட்டில் அது ஆவியாகிப் போவதற்காகவே அந்த இடத்தில் தட்டு வைக்கப்பட்டிருக்கின்றது. எமது கடற்கரைப் பிரதேசத்தின் ஈரக்காற்றில், ஒரு நாளில் முப்பது தரம் கதவைத் திறந்து மூடினால் உள்ளே போகும் ஈரமும் கூடும், தட்டில் விழும் நீரும் கூடும். அது காய்ந்து முடிவதில்லை. இளஞ்சூடு, இருட்டு, அசைவில்லாத தெளிந்த நீர். நுளம்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதேபோன்ற இடங்கள் வீட்டுக்குள் இன்னும் உள்ளன. மணி பிளான்ட் வைத்த போத்தல், பூச்சாடி, பூந்தொட்டிக்குக் கீழ் வைக்கும் தட்டு, குளிரூட்டியின் நீர் விழும் வாளி, பாவிக்காத மலசலகூடத்தின் கொமட், தண்ணீர் வடியும் தட்டுடன் கூடிய கோப்பைத் தாங்கி. சாப்பாட்டு அலுமாரிக்கு எறும்பு ஏறாமல் கால்களின் கீழ் தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றது. எறும்புக்குத் தடை, நுளம்புக்குத் தொட்டில். அந்தக் கிண்ணத்து நீரில் ஒரு கைப்பிடி உப்போ சவர்க்கார நீரோ கலந்துவிட்டால் குடம்பி பிழைக்காது.

இன்னுமொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பலர் தட்டிலோ பூச்சாடியிலோ இருக்கும் நீரைக் கொட்டிவிட்டு, அத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கின்றார்கள். ஈடிஸ் நுளம்பு முட்டைகளை நீருக்குள் இடுவதில்லை. நீர் மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் ஒட்டி வைக்கின்றது. கறுப்பு மிளகாய்த் தூளை விடச் சிறியவை அவை. நீரைக் கொட்டினாலும் முட்டை சுவரிலேயே இருக்கும். காய்ந்து போனாலும் சாகாது. மாதக் கணக்கில் உறங்கிக் கிடந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே கொட்டினால் போதாது, தும்பினாலோ பிரஷினாலோ உட்சுவரை உரஞ்சிக் கழுவ வேண்டும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக மாற ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாட்கள் எடுக்கும். எனவே வாரத்திற்கு ஒரு தடவை செய்தால் எந்தக் குடம்பிக்கும் இறக்கை முளைக்காது. தெருவில் வந்து அடிக்கும் புகையை நம்பி இருப்பதில் பிரயோசனம் குறைவு. அது அந்த நேரம் பறந்து திரியும் நுளம்பைக் கொல்லுமே தவிர, தண்ணீருக்குள் இருக்கும் குடம்பியை ஒன்றும் செய்யாது.

அந்தப் பிள்ளையின் கதையில் தாய்மார் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயம், காய்ச்சல் விட்ட நேரம். டெங்கில் காய்ச்சல் குறையும் வேளையில்தான் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கி, இரத்த அழுத்தம் விழுகின்றது. வயிற்று வலி, தொடர்ந்த வாந்தி, கை கால் குளிர்தல், சோர்ந்து உறங்கிக்கொண்டே இருத்தல், சிறுநீர் குறைதல், முரசிலோ மூக்கிலோ இரத்தம் கசிதல் ஆகிய இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தக் கணமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளிலேனும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பரசிட்டமோல் தவிர, அஸ்பிரின், இபுப்ரோபென், டைக்குளோபெனக் போன்றவற்றைக் கொடுக்கக் கூடாது. அவை இரத்தக் கசிவைக் கூட்டும். 2017க்குப் பின்னும் டெங்கு ஓய்ந்துவிடவில்லை. 2019இல் ஒரு இலட்சத்தைத் தாண்டியது, 2023இல் 85,000ஐத் தாண்டியது.

பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்ச்

இனிக் கிருமிகளுக்கு வருவோம். வீட்டில் ஆகக் கூடுதலான கிருமிகள் எங்கே என்று கேட்டால் மலசலகூடம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஜேர்மனியின் பேராசிரியர் மார்க்குஸ் ஈகர்ட் குழுவினர் வீடுகளில் பாவித்த 14 குசினி ஸ்பொஞ்சுகளை எடுத்து ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவற்றில் 362 வகையான பக்டீரியாக்களின் அடையாளங்கள் கிடைத்தன. சில இடங்களில் ஒரு கன சென்ரிமீற்றர் ஸ்பொஞ்சில், அதாவது ஒரு சீனிக் கட்டி அளவில், 5,400 கோடி வரை பக்டீரியாக்கள் இருந்தன. இன்னும் வியப்பு என்னவென்றால், ஒழுங்காக அவித்தும் சூடாக்கியும் சுத்தம் செய்யப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஸ்பொஞ்சுகளில் இந்த எண்ணிக்கை குறைந்திருக்கவில்லை. நோயோடு தொடர்புடைய சில வகைகளின் பங்கு அவற்றில் கூடியும் இருந்தது. வாரத்திற்கு ஒரு தடவை புதிய ஸ்பொஞ்ச் மாற்றுங்கள் என்று அவர்கள் ஆலோசனை கூறினார்கள்.

இந்தச் செய்தி வெளிவந்ததும் உலகமே கலவரப்பட்டது. ஆனால் நிதானமாக யோசியுங்கள். பக்டீரியா நிறைய இருப்பதும் நோய் வருவதும் ஒன்றல்ல. எமது தோலிலும் வயிற்றிலும் கோடிக்கணக்கில் பக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அப்பாவிகள். ஸ்பொஞ்ச் ஆபத்தாவது, பச்சைக் கோழியையோ மீனையோ வெட்டிய இடத்தை அதனால் துடைத்துவிட்டு, அதே ஸ்பொஞ்சினால் குழந்தையின் பால் கோப்பையைக் கழுவும் போதுதான்.

அதற்கு மேல், காய்வது முக்கியம். நோர்வேயில் நொஃபீமா என்ற ஆய்வு நிறுவனத்தினர் ஸ்பொஞ்சையும் பாத்திரம் கழுவும் பிரஷையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சல்மொனெல்லாக் கிருமியை இரண்டிலும் இட்டு உலர விட்டபோது, பிரஷில் அது பெருமளவு செத்துப் போனது. ஸ்பொஞ்சில் அப்படியே இருந்தது. பிரஷ் சீக்கிரம் காயும், ஸ்பொஞ்ச் உள்ளுக்குள் ஈரமாகவே இருக்கும் என்பதுதான் காரணம். இதை வாசித்தபோது, சாம்பலும் தும்பும் வைத்துப் பாத்திரம் விளக்கி, தும்பை உதறி வெயிலில் வைத்த எமது பெரியவர்களின் நினைவு வந்தது. தும்பு கிழமைக்கொன்று மாற்றலாம், விலையும் இல்லை. ஸ்பொஞ்ச்தான் வேண்டுமென்றால், பிழிந்து, தொட்டிக்குள் போடாமல், காற்றுப் படும் இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். பாத்திரம் துடைக்கும் துணியும் அப்படித்தான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றிக் கழுவி வெயிலில் போடுவது கஷ்டமான காரியமல்ல.

கோழி கழுவும் விடயத்தில் எனக்கு எமது பெண்களோடு சிறு வழக்கு உண்டு. குழாயைப் பலமாகத் திறந்துவிட்டு, கோழித் துண்டுகளைத் தண்ணீரில் அலசு அலசென்று அலசுவோம். 2019இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் வெளியிட்ட ஆய்வொன்றில், கோழியைக் கழுவியவர்களில் 60 வீதமானோரின் கழுவு தொட்டியில் பின்னர் கிருமி காணப்பட்டது. நான்கில் ஒருவர் தயாரித்த சலாதிலும் கோழியின் கிருமி போய்ச் சேர்ந்திருந்தது. கழுவாதவர்களிலும் ஏறத்தாழ அதே அளவினரின் சலாதில் கிருமி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் கோழியைத் தொட்ட கையைச் சரியாகக் கழுவவில்லை. கழுவாமல் சமையுங்கள் என்று எமது பெண்களிடம் சொன்னால் எவரும் கேட்கப் போவதில்லை, எனக்கும் மனம் வராது. ஆனால் பேசினில் நீர் எடுத்து, தெறிக்காமல் மெதுவாகக் கழுவலாம். வல்லாரைச் சம்பலுக்கு இலை அரிவதை முதலில் முடித்து எடுத்து வைத்துவிட்டு, கோழியைக் கடைசியாகத் தொடலாம். கோழி கறியாகி நன்றாகக் கொதிக்கும், அதிலிருக்கும் கிருமி சாகும். சம்பல் கொதிப்பதில்லையே.

வெட்டுப் பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரப் பலகை அழுக்கு, பிளாஸ்டிக் சுத்தம் என்று நினைத்துப் பலர் பலகையை எறிந்துவிட்டார்கள். கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக் பலகையைச் சுத்தமாக்குவது கடினம். மரம் ஈரத்தை உள்ளிழுத்துக் காயும் போது கிருமிகளும் சேர்ந்து சாகின்றன என்று அமெரிக்காவில் டீன் கிளைவர் என்ற பேராசிரியர் 1990களிலேயே காட்டினார். எதுவானாலும் கழுவி, நிமிர்த்திச் சாத்தி, காய விட வேண்டும். கீறல் ஆழமானால் மாற்றிவிட வேண்டும்.

கைத்தொலைபேசியும் கொரோனாக் காலமும்

2011இல் பிரித்தானியாவின் 12 நகரங்களில் கைத்தொலைபேசிகளைச் சோதித்த லண்டன் ஆய்வாளர்கள், ஆறில் ஒரு தொலைபேசியில் மலத்திலிருந்து வரும் ஈ-கோலி பக்டீரியா இருந்ததாகக் கண்டார்கள். தொலைபேசி கைகளின் கண்ணாடி. கை எப்படியோ அதுவும் அப்படியே. மலசலகூடத்திற்குள்ளும் அதைக் கொண்டு போய், வெளியே வந்து கையை மட்டும் கழுவி, மறுபடி அதே தொலைபேசியைத் தொட்டு, அழும் பிள்ளையின் கையில் அதைக் கொடுக்கும் காலம் இது. பிள்ளை அதை வாயில் வைக்கும். நான் சொல்லக்கூடிய பரிகாரம் ஒன்றுதான்: அதை உள்ளே கொண்டு போகாதீர்கள்.

இதற்கு நேர்மாறான பயத்தையும் கண்டோம். 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்ட பின், வாகனத்தில் வந்த மரக்கறியைச் சவர்க்கார நீரில் ஊற வைத்தோம், பால்மாப் பக்கற்றைத் துடைத்தோம், காசை அயன் பண்ணியவர்களும் இருந்தார்கள். தெரியாத நோய்க்கு முன்னால் பயந்தது தவறில்லை. ஆனால் 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம், வைரஸ் பட்ட ஒரு பொருளைத் தொடுவதால் கொரோனா தொற்றும் வாய்ப்பு 10,000க்கு ஒன்றிலும் குறைவு என்று அறிவித்தது. அது பெரும்பாலும் மூச்சுக் காற்றால் பரவியது. பொருட்களைத் துடைத்த கைகளால் யன்னலைத் திறந்து விட்டிருந்தால் கூடுதல் பயன் கிடைத்திருக்கும்.

தொலைக்காட்சியில் '99.9 வீதக் கிருமிகளை அழிக்கும்' என்று காட்டும் சவர்க்காரங்களுக்கு மேலதிகமாகப் பணம் கொடுக்கும் சகோதரிகளுக்கு இன்னுமொரு தகவல். 2016 செப்டெம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், டிரைக்குளோசான் உட்பட 19 கிருமிநாசினி இரசாயனங்களைக் கை கழுவும் சவர்க்காரங்களில் சேர்க்கக் கூடாது என்று தடை செய்தது. சாதாரண சவர்க்காரமும் தண்ணீரும் செய்வதை விட அவை கூடுதலாக எதையும் செய்கின்றன என்பதற்கு உற்பத்தியாளர்களால் ஆதாரம் காட்ட முடியவில்லை. இருபது செக்கன்கள் தேய்த்துக் கழுவினால் மலிவுச் சவர்க்காரமே போதும்.

அரிசி வண்டு என்ற அப்பாவி

அரிசியில் வண்டு கண்டால் எமக்கு முகம் சுருங்கிவிடும். விருந்தாளி கண்டுவிட்டால் மானமே போய்விடும். 'மூடி வைத்த டின்னுக்குள் எப்படி வந்தது?' என்று கேட்போம். அது வெளியிலிருந்து வருவதில்லை. தாய் வண்டு களஞ்சியத்திலேயே அரிசி மணியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையை அடைத்துவிடும். நாம் கடையில் வாங்கும் போதே அது உள்ளே இருக்கின்றது. கௌபி, பயறு போன்றவற்றிலும் வேறு வகை வண்டுகள் இவ்வாறே வருகின்றன. இவை கடிப்பதில்லை, எமக்கு நோய் பரப்புவதில்லை. புடைத்து, வெயிலில் காய வைத்து, கழுவிச் சமைத்தால் சரி. ரவை, கோதுமை மா என்றால் வாங்கியவுடன் மூன்று நான்கு நாட்கள் பிரீசரில் வைத்து எடுத்தால் முட்டைகளும் செத்துவிடும்.

வண்டைப் பார்த்துப் பதறும் நாம், பூஞ்சணத்தைப் பார்த்து அவ்வளவு பதறுவதில்லை. கச்சானிலும் செத்தல் மிளகாயிலும் கொப்பறாவிலும் பச்சையாகவோ மஞ்சளாகவோ பூத்திருந்தால், தட்டிவிட்டு, வெயிலில் காட்டிவிட்டுப் பாவிப்போம். அங்குதான் உண்மையான விஷம். ஈரத்தில் வளரும் ஒரு வகைப் பூஞ்சணம் அஃப்லடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றது. அது ஈரலைத் தாக்கிப் புற்றுநோயைத் தரக்கூடியது. சமைத்தாலும் வறுத்தாலும் முற்றாக அழியாது. 2021 மார்ச்சில் இறக்குமதி செய்யப்பட்ட தேங்காயெண்ணெயில் இந்த நஞ்சு கண்டறியப்பட்டு நாடே பரபரத்தது நினைவிருக்கலாம். அந்தக் கப்பல் எண்ணெய்க்குக் கோபப்பட்டோம். அதே நஞ்சு எமது கச்சான் போத்தலுக்குள்ளும் விளையலாம். வண்டு விழுந்த அரிசியைக் காப்பாற்றுங்கள், பூஞ்சணம் பிடித்த கச்சானைக் குப்பையில் போடுங்கள்.

தலையணைக்குள் எட்டுக் கால்கள்

தும்மலும் இழுப்பும் உள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் தலையணையைச் சற்றுக் கவனிக்க வேண்டும். தூசிப் பூச்சி என்று நாம் சொன்னாலும் அது பூச்சி இனமல்ல. எட்டுக் கால்களைக் கொண்ட, சிலந்தியின் தூரத்து உறவு. ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். எம்மைக் கடிக்காது. நாம் உதிர்க்கும் தோல் துகள்களைத் தின்று வாழும். அதன் எச்சம்தான் மூக்கில் ஏறி ஒவ்வாமையைத் தருகின்றது. தண்ணீர் குடிக்க அதற்கு வாயே தேவையில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கடலோரத்தில் இருக்கும் எமக்கு இதை அடியோடு ஒழிக்க முடியாது. உறைகளையும் விரிப்புகளையும் கிழமைக்கு ஒரு முறை சுடுநீரில், கை பொறுக்காத சூட்டில் கழுவி, தலையணைகளை நல்ல வெயிலில் பிரட்டிப் பிரட்டிக் காய வைத்தால் குறையும். நோயாளிப் பிள்ளையின் கட்டிலில் இருந்து பஞ்சுப் பொம்மைகளை எடுத்துவிடுங்கள். ஒவ்வாமை இல்லாதவர்கள் இதற்காக நித்திரையைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

பூட்டிய வீடு

பாடசாலை விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திற்கோ மட்டக்களப்பிற்கோ வெளிநாட்டிற்கோ வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும் குடும்பங்கள் எமது பகுதியில் ஏராளம். மூன்று வாரங்கள் யாரும் இல்லாத வீடு ஈடிஸ் நுளம்புக்கு நல்ல விடுமுறை விடுதி. கொமட்டில் நிற்கும் நீர், தண்ணீர்த் தொட்டி, குளியலறைத் தரையின் நீர்வடிகான், பிரிட்ஜ் தட்டு ஆகியவற்றைக் கேட்க ஆளில்லை. புறப்படுவதற்கு முன் கொமட் மூடியை மூடி, அதன் இடைவெளியைப் பொலித்தீனால் ஒட்டிவிடுங்கள். தரை வடிகானின் மேல் ஒரு பொலித்தீனை விரித்துக் கல்லை வையுங்கள். வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். பிரிட்ஜை நிறுத்தினால் தட்டைக் கழற்றி உரஞ்சிக் காய வையுங்கள். நிறுத்தாமல் போவதானால், தட்டு நீரில் உப்புப் போடுங்கள். மணி பிளான்ட் போத்தலைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள், அல்லது மண்ணில் நட்டுவிடுங்கள். நீர்த்தாங்கியின் மூடி காற்றில் விலகியிருக்கின்றதா என்று மொட்டை மாடிக்கு ஏறி ஒரு தரம் பாருங்கள். மலேரியா அற்ற நாடு என்று 2016இல் சான்றிதழ் பெற்ற எமது நாட்டில், அதே வருட முடிவில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற புதிய மலேரியா நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் நகரத்துக் கிணறுகளிலும் நீர்த்தாங்கிகளிலும் வளர்வதுதான்.

சாவியை ஒன்று நம்பிக்கையான அயலவரிடம் கொடுத்துச் செல்வதும் நல்லது. கிழமைக்கொரு தரம் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பார்வையில் பிரிட்ஜின் பின்பக்கமும் சேரட்டும்.